பன்னிரண்டு கட்டம்

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்ததும் ஏசி குளிர் முகத்தில் அடித்தது. ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தைத்தான். நாலு பத்து. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பிசியோதெரபி கிளினிக்கில் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியோடு விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கைகால் பயிற்சி முடிந்து நாலு ஐம்பதுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாற்பது நிமிஷம். முப்பத்திமூன்று வருஷக் குடித்தனத்தில் அவளாகப் போய், அவளாகப் பார்த்து, அவளாக வாங்கிய கரண்ட் சாமான் எது என்று கேட்டால் கிரைண்டரைச் சொல்லலாம், அதுவும் போன மாசம்தான். இது இரண்டாவது. வாங்கினால்தானே இரண்டாவது, இன்னும் வாங்கவில்லையே, பார்ப்போம், பார்க்கிறதுக்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. "வாங்கக்கா, என்ன பாக்கீங்க?" என்று கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள். அக்காவாம். ஐம்பத்தாறு வயசு, தலையில் பாதிக்கு மேல் வெள்ளை. ஆனாலும் காதுக்கு இதமாகத்தான் இருந்தது, அதை எதற்கு மறைக்க. அட்டையில் ஜெனிட்டா என்று போட்டிருந்தது. "டேப்பு வேணும். ரொம்ப விலை போகாம, சாதாரணமா" என்றாள் ஆவுடை. ஜெனிட்டா கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய மேஜையில் சிலேட்டு அளவுக்குப் பெரிய ஃபோன் மாதிரி ஏழெட்டு டேப்புகள் சாய்ந்து நின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கம்பி வயர், திருட்டுப் பயத்துக்கு. "படிக்கிற பிள்ளைகளுக்காக்கா?" "இல்ல, எங்க வீட்டுக்காரவுகளுக்கு." "அப்ப இதப் பாருங்க, சினிமா அருமையா பாக்கலாம், கலர் எப்படி இருக்கு பாருங்க." கலர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மயில் தோகையை விரித்து மூடி, விரித்து மூடி, அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. "எனக்கு மயிலு வேண்…" என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையைப் பாதியிலேயே விழுங்கி, "மயிலுக்கெல்லாம் வரலம்மா" என்று முடித்தாள். அந்த ஒரு வார்த்தை இப்போதெல்லாம் அவள் வாயில் வருவதில்லை. வீட்டில் அதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், போதும்.

வேண்டாம். எட்டு மாசத்துக்கு முன்னால், காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தளவாய் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. எப்பேர்ப்பட்ட பேச்சு! பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், மைக்கைப் பிடித்து வண்டி புறப்படுகிறது என்று சொன்னால் டீக்கடையில் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்கள் ஓடுவார்கள். அந்தக் குரலை வீட்டுக்கும் அப்படியே கொண்டுவருவார், மைக் மட்டும்தான் இருக்காது. அத்தனையையும் அள்ளிக்கொண்டு போன சீக்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. வேண்டாம். பசித்தாலும் வேண்டாம், ஒண்ணுக்கு வந்தாலும் வேண்டாம், பேரனை வீடியோவில் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் வேண்டாம், வேண்டாம். இதில் கூத்து என்னவென்றால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாலு நாளும் அவருக்கு யாரும் காபியே கொடுக்கவில்லை. நீட்டினார்கள், வேண்டாம் என்றார், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டில் அவர் வேண்டாம் என்றால் இரண்டாம் தடவை கேட்கிற வழக்கமே கிடையாது, யார் கேட்டது? தங்கச்சி வளைகாப்புக்குப் போகட்டுமா, வேண்டாம். நர்சரி ஸ்கூலில் ஆயா வேலை காலியாம், வேண்டாம். கிரைண்டர், வேண்டாம், அம்மியும் ஆட்டுரலும் எதுக்கு இருக்கு. ஐந்தாம் நாள் காபி டம்ளரைத் திரும்பக் கொண்டுபோகும்போது அவர் இடது கை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது, வாய் வேண்டாம் வேண்டாம் என்றது, கண் டம்ளரைப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடப்பாவி மனுஷா, நீ இப்போது சொல்கிற வேண்டாம் வேற வேண்டாமா என்று அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுகையும் சேர்ந்து வந்தது, காபி ஆறிப்போய் மறுபடி சுட வைத்துக் கொடுத்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மெர்லின் டாக்டர்தான் டேப் என்ற பேச்சை எடுத்தது. ஃபோன் சின்னது, அவர் விரல் நடுங்குகிறது, ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றில் படும். டேப் என்றால் பெரிய பெரிய கட்டமாகப் பன்னிரண்டு போடலாம், தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் தண்ணி என்று அது சத்தமாகச் சொல்லும், குரலை நீங்களே பேசிப் பதிந்துகொள்ளலாம், மகன் பேசினால் ஆம்பளைக் குரலாகப் பொருத்தமாக இருக்கும் என்று எல்லாம் பொறுமையாகச் சொன்னாள். ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் கிழித்து, "முதல் கட்டம் உங்களக் கூப்பிடறதுக்கு. அவரு உங்கள எப்படிம்மா கூப்பிடுவாரு?" என்று பேனாவோடு நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடைக்கு அந்தப் பேனாவைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, "பேரச் சொல்லித்தான். ஆவுடைம்பாக" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள். டாக்டரும் எழுதிக்கொண்டாள். அந்தத் தாள் இப்போது இவள் பையில் நாலாக மடித்துக் கிடக்கிறது, ஒரு மாசமாகக் கிடக்கிறது. மகன் குமரேசன் ஓசூரிலிருந்து, "யம்மா, சீப்பான டேப் எல்லாம் வாங்கிராத, ஆறு மாசத்துல தொங்கிரும், தீபாவளிக்கு நான் நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாரேன், அதுவரைக்கும் ஃபோன்ல சமாளி" என்றான். தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம். நாலு மாசம் ஒரு மனுஷன் ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பான், இவன் ஒரு நாள் சமாளித்துப் பார்க்கட்டுமே. குரலைப் பதிந்து அனுப்புடா என்றதற்கு ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் என்றான், ஞாயிற்றுக்கிழமை மூன்று போய்விட்டது. அவனையும் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கு ஆயிரம் வேலை. சொல்ல முடியாது என்ன, சொல்லலாம், குற்றம்தான்.

"தொட்டுப் பாருங்கக்கா" என்று ஜெனிட்டா ஒன்றை நகர்த்தி வைத்தாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம், இருக்கிறதிலேயே விலை குறைந்தது. ஆவுடை வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினாள். அவர் நீட்டுகிற மாதிரி, தோளிலிருந்து நடுங்கிக்கொண்டு, வழியில் கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டு வந்து, வந்த களைப்பில் அப்படியே கண்ணாடி மேல் விரலை ஊன்றி நின்றாள். படங்களெல்லாம் குலுங்க ஆரம்பித்து ஒன்று இடம் மாறி ஓடியது. "ஐயோ, அப்படி அமுக்கிக்கிட்டே நிக்கக் கூடாதுக்கா, தொட்டுட்டு டக்குனு எடுத்துரணும்." "அவுகளுக்கு டக்குனு எடுக்க வராதும்மா. பக்கவாதம்." ஜெனிட்டா முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு இறங்கியது. உடனே ஐயோ பாவம் என்று ஆரம்பிப்பாளோ என்று ஆவுடை பயந்தாள், எட்டு மாசமாக அந்த ஐயோ பாவத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவள் அப்படிச் சொல்லவில்லை. "அதுக்கு செட்டிங் இருக்கும், இருங்க" என்று குனிந்து என்னவோ தேடித் தேடித் தட்டினாள். ஆவுடை மறுபடி விரலை ஊன்றினாள், இந்தத் தடவை ஒன்றும் குலுங்கவில்லை. ஆனால் தொட்டு ஒரு நொடி, ஒன்றரை நொடி கழித்துத்தான் படம் திறந்தது. "இது கொஞ்சம் ஸ்லோதான்க்கா, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த விலையில போனா வேகமா இருக்கும்." இருக்கட்டுமே என்று நினைத்துக்கொண்டாள் ஆவுடை. அந்த மனுஷன் மனசில் ஒன்று தோன்றுவதற்கும் அது வாயில் வந்து விழுவதற்கும் நடுவில் முப்பத்திமூன்று வருஷத்தில் ஒரு நொடி இடைவெளி இருந்ததுண்டா? குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறந்த பிறகுதான் யோசனையே வரும். இதாவது கொஞ்சம் நின்று நிதானித்துப் பேசட்டும். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சிரிக்கிற விஷயமா இது என்று உடனே உள்ளே ஒன்று இடித்தது. போன வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் கத்த ஆரம்பித்தார். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். தண்ணி கொடுத்தாள், தட்டிவிட்டார். ஃபேனைக் கூட்டினாள், குறைத்தாள். பாத்ரூமுக்கா என்று கேட்டாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், சட்டையைக் கழற்றி எறும்பு தேடினாள், டி.வி.யைப் போட்டாள், அமத்தினாள். அவர் முகம் செக்கச்செவேல் என்று ஆகி, கழுத்து நரம்பு புடைத்து, இடது கை காற்றில் எதையோ காட்டிக் காட்டி விழுந்தது. ஒரு கட்டத்தில் அவளுக்கே பொறுமை போய், "என்னதான் வேணும், என்னைக் கொல்லணுமா?" என்று கத்திவிட்டு அடுக்களையில் போய் நின்றுகொண்டாள். நின்றாள், கால் மணி நேரம் நின்றாள், மிக்ஸியை வேறு ஓடவிட்டாள் சத்தம் கேட்காமலிருக்க. நாலு மணிக்குத்தான் குனிந்து பார்த்தாள். நாற்காலியில் கால் வைக்கிற பலகையின் கீல், அதன் இடுக்கில் இடது காலின் சுண்டுவிரல் மாட்டி நசுங்கிக் கருநீலமாகிக் கிடந்தது. உணர்ச்சி உள்ள கால். இரண்டு மணி நேரம். விரலை எடுத்துவிட்டதும் அவர் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை, அவளைப் பார்த்த பார்வை மட்டும் இப்போதும் கண் முன்னால் நிற்கிறது. மிக்ஸியை ஓட்டினேனே. கால் வலிக்குது என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அதற்குத்தானே வந்திருக்கிறாய், பிறகென்ன யோசனை, வாங்கு, வாங்கிக்கொண்டு போ.

ஆனால் யோசனை அங்கே இல்லை, அது அவளுக்கும் தெரியும். வீடு அமைதியாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இந்த எட்டு மாசமும் வீடு அமைதியாக இருக்கிறது. காலையில் முதல் காபியை அவள் குடிக்கிறாள், சூடாக, உட்கார்ந்து. ஜன்னல் திரையை மஞ்சளில் மாற்றினாள், கிரைண்டரை வாங்கிக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள், தங்கச்சி வந்து பத்து நாள் தங்கிப் போனாள். அவர் வேண்டாம் என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் இப்போது அர்த்தம் இல்லையே. மூத்திரம் துடைத்து, ஊட்டிவிட்டு, முதுகுப்புண் வராமல் புரட்டிப் போட்டு, இடுப்பு ஒடிந்துதான் போகிறது, ஆனாலும் ராத்திரி படுக்கும்போது நாளைக்கு என்ன ஏச்சோ என்று முழித்துக் கிடக்க வேண்டியதில்லை. இந்த டேப்பைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தால்? முதல் முதலாக அந்த விரல் எதைத் தொடும்? மறுபடி அதிகாரம், மறுபடி குற்றம் குறை, ஒன்பதாயிரம் கொடுத்து நானே வாங்கி நானே என் தலையில் ஏற்றிக்கொள்வதா? இப்படி நினைக்கிறவள் பொம்பளையா என்று கேட்டால், ஆமாம், பொம்பளைதான், நினைக்கிறேன், நினைத்ததற்காக எந்தச் சாமி முன்னாலும் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. எட்டு மாசம் நன்றாக இருந்தது. அவருக்கு நன்றாக இல்லை, எனக்கு நன்றாக இருந்தது. இரண்டும் நிஜம். அதற்காக ஒருத்தன் வலியைச் சொல்ல வாயில்லாமல் கிடக்கட்டும் என்று விடுவாளா ஆவுடை? அந்த மாதிரி அமைதி அவளுக்குத் தேவையில்லை, மிக்ஸியை ஓட்டிக் கிடைக்கிற அமைதி.

ஃபோன் அடித்தது. மதினி, தளவாயின் அக்கா, கிளினிக்குப் போகிற நாளெல்லாம் சரியாக இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். "எங்க இருக்க? சத்தம் வேற மாதிரி கேக்கு?" "கடையில நிக்கேன் மதினி. அவுகளுக்கு டேப்பு வாங்க." "ஏ, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வாய் வராதவனுக்கு விளையாட்டுச் சாமானா? நாலு பேரு கேட்டா சிரிக்க மாட்டாகளா? அந்தப் பணத்துக்கு எண்ணெய் வாங்கித் தேய்ச்சாலும் கை விளங்கும்." மதினிக்கு எப்போதும் நாலு பேர் உண்டு, கல்யாணமான நாளிலிருந்து அந்த நாலு பேரை ஆவுடை தேடிக்கொண்டிருக்கிறாள், ஒருத்தர்கூட வந்து ஒரு நாள் மூத்திரச் சட்டி எடுத்துக் கொடுத்ததில்லை. "எண்ணெயும் தேய்ச்சுக்கிட்டுதான் மதினி இருக்கேன்." "என் தம்பி நல்லா இருந்தா இதுக்கெல்லாம் விடுவானா? வேண்டாம்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பான்." "இப்பவும் அதத்தான் மதினி சொல்லுதாக. வேற ஏதாவது சொல்லட்டுமேன்னுதான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும்போதே வைத்துவிட்டாள். மதினி பேசி முடிக்கும் முன்னால் ஃபோனை வைத்தது இதுதான் முதல் தடவை. ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மறுபடி அடித்தால் அடிக்கட்டும்.

நாலு முப்பத்தெட்டு. பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள். இரண்டாவது கட்டத்திலிருந்து தண்ணி, காபி, பசிக்குது, பாத்ரூம், வலிக்குது, ஃபேன், டி.வி., பேரன், படுக்கணும் என்று டாக்டர் வரிசையாக எழுதியிருந்தாள், பதினொன்றாவதில் வேண்டாம். இவள் ஜெனிட்டாவிடம் பேனா வாங்கி அந்தப் பதினொன்றாவதை அடித்தாள். அதுதான் அவரிடம் இருக்கிறதே, அதற்கு எதற்குக் காசு கொடுத்து ஒரு கட்டம். அந்த இடத்தில் என்ன எழுத? யோசித்து, 'நீ சாப்பிட்டியா' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தாள், யாரோ எழுதின மாதிரி இருந்தது. அவர் அதைத் தொடுவாரா? தொடமாட்டார். தொடாவிட்டால் போகட்டும், கட்டம் அங்கே இருக்கும், தினமும் கண்ணில் படும். அவர் வாயில் நீ எப்படி வார்த்தை வைக்கலாம், அது அவர் வாயில்லையா என்று மதினி குரலில் ஒரு கேள்வி வந்தது. வைக்கலாம்தான். என் வாயில் முப்பத்திமூன்று வருஷம் அவர் வைத்தார், சரிங்க, ஆகட்டுங்க, இல்லைங்க, மூன்றே கட்டம். நான் பதினொன்று கொடுக்கிறேன். ஆனாலும் நியாயம் நியாயம்தான். பன்னிரண்டாவதில் டாக்டரும் ஒன்றும் எழுதவில்லை, இவளும் எழுதவில்லை. அது அவருக்கு. அவர் எதைக் காட்டுகிறாரோ அதைப் போடட்டும், ஏச்சாக இருந்தாலும் போடட்டும், ஒன்றே ஒன்று. பிறகு கண் மெதுவாக மேலே ஏறி முதல் கட்டத்துக்கு வந்து நின்றது. ஆவுடை. அவர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்பார், வெளி ஆளுக்கு முன்னால் இந்தா என்பார், மூன்றாம் மனுஷரிடம் நம்ம வீட்ல என்பார். அவளும் அவர் பேரைச் சொன்னதில்லை, அது அந்தக் காலத்து வழக்கம், தப்பில்லை, தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அவளை அவள் பேர் சொல்லிக் கூப்பிட அவள் அம்மா இருந்தாள், நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். அதற்குப் பிறகு குமரேசன் அம்மா, மதினி, டைம் கீப்பர் வீட்டம்மா, ஆஸ்பத்திரியில் பேஷன்ட்டோட ஆளு. பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அங்கே மட்டும்தான் இருக்கிறது. ஏட்டி என்று பதிந்தாலும் அது பாட்டுக்குச் சொல்லும், அவருக்கும் பழகின சொல். மாற்று என்றது மனசு. மாற்ற மாட்டேன் என்றது பேனா, மூடிக்கொண்டது.

"இதுல சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்?" என்றாள். "நல்லா கேக்கும்க்கா." "நல்லா கேக்கும்னா? எங்க வீட்ல கூடத்துக்கும் அடுக்களைக்கும் பன்னிரண்டு எட்டு நடக்கணும். நடுவுல கிரைண்டர் ஓடும்." ஜெனிட்டா யோசித்தாள். "நீங்களே ஏதாவது பேசுங்க, பதிஞ்சு, தள்ளி நின்னு கேட்டுருவோம்." பேசணுமாம். கடைக்குள் நாலைந்து பேர் நின்றார்கள், ஒருத்தன் டி.வி. விலை கேட்டுக்கொண்டிருந்தான். ஆவுடை குனிந்தாள். தண்ணி என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். மகன் குரல் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் இனிமேல் காத்திருக்கிற உத்தேசம் இல்லை, இனி அவருக்கு இதுதான் குரல், நல்லதாக ஒன்று சொல்லு. தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா கொல்லையிலிருந்து கூப்பிடுகிற மாதிரியும் இல்லாமல், டாக்டர் டோக்கனுக்குக் கூப்பிடுகிற மாதிரியும் இல்லாமல், ஒரு மனுஷன் தன் வீட்டில் இருக்கிற இன்னொரு மனுஷியைக் கூப்பிட்டால் எப்படிக் கூப்பிடுவானோ அப்படி ஒரு தடவை சொன்னாள். பிறகு "சத்தத்த முழுசா வையும்மா. நான் சொன்ன பிறகு தொடு. இடது கையால தொடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒன்று, இரண்டு, வாஷிங் மெஷின் வரிசை, ஆறு, ஏழு, ஒருத்தன் திரும்பிப் பார்த்தான், பார்க்கட்டும், பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஃப்ரிட்ஜ் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், மேஜையிலிருந்து பார்த்தால் ஆளே தெரியாது. அவளுக்கு முன்னால் வெள்ளைக் கதவு ஒன்றில் தலை நரைத்த ஒரு பொம்பளை மங்கலாகத் தெரிந்தாள். "சரிம்மா" என்று குரல் கொடுத்தாள்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. ஒன்றரை நொடி. ஸ்லோதான், அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பிறகு கடைச் சத்தத்தையெல்லாம் தாண்டிக்கொண்டு வந்தது: "ஆவுடை."

"என்ன?" என்று கேட்டுவிட்டாள். வாய்விட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள். டி.வி. விலை கேட்டவன் விலையை விட்டுவிட்டுத் திரும்பினான். ஜெனிட்டா எட்டிப் பார்த்து, "கேட்டுச்சாக்கா?" என்றாள். ஆவுடை ஃப்ரிட்ஜ் வரிசையிலிருந்து வெளியே வந்தாள், கண்ணைத் துடைக்கவில்லை, யாருக்குப் பயந்து துடைக்க. "கேட்டுது. இதையே பில் போடும்மா, சீக்கிரம்" என்றாள், "நாலு அம்பதுக்கு என்னை ஒருத்தர் கூப்பிடணும்."